ஊர் மாறியதும் பருப்பு ஏன் வேகவில்லை?

கும்பகோணத்தில் நாலு விசிலில் குழைந்த துவரம் பருப்பு, கல்யாணமாகி ஆந்திர எல்லையோர ஊரான நகரிக்கு வந்த பிறகு ஏழு விசில் விட்டாலும் பருக்கை பருக்கையாக நிற்கிறது. கோங்குரா பப்பு, அதாவது புளிச்சக்கீரை போட்ட பருப்புக் கடைசல், செய்த அன்று பருப்பு ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கமாகப் பிரிந்துவிட்டது. பருப்பில் கலப்படமா, இன்னும் எத்தனை விசில் விட வேண்டும், சோடா உப்பு போடலாமா, பொங்கி வரும் நுரையை எடுத்துக் கொட்ட வேண்டுமா? இவ்வளவும் உங்கள் கேள்வியில் இருக்கிறது. நடுவில் ஒரு வரியாக, கைப்பக்குவமே போய்விட்டது போலிருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் மனதில் தைத்தது. நீங்கள் கேட்பது விசில் கணக்கு இல்லை அம்மா. அதே கை, அதே குக்கர், அதே அளவு. ஊர் மட்டும் மாறியதற்குப் பருப்பு ஏன் மாற வேண்டும் என்பதுதான் உங்கள் கேள்வி. உங்கள் கைப்பக்குவம் எங்கும் போகவில்லை. மாறியது தண்ணீராக இருக்கலாம், பருப்பின் வயதாக இருக்கலாம், புளிப்பு சேர்த்த நேரமாக இருக்கலாம். மூன்றில் எது என்பதை உங்கள் வீட்டு அடுப்பிலேயே ஒரே நாளில் கண்டுபிடித்துவிடலாம்.

நான் நகரியை ஒட்டிய ஏகாம்பரகுப்பத்தில் பிறந்து வளர்ந்தவள். மனையியல் படித்துவிட்டு 22 வருடம் ஒரு மாணவியர் விடுதியின் சமையலறையைப் பார்த்துக்கொண்டேன். 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. அதனால் எங்கள் வீட்டுப் பேச்சு தமிழ், அடுப்பில் பாதி தெலுங்கு. சாம்பாரும் வைப்போம், முத்த பப்பும் (வெறும் பருப்பைக் கெட்டியாகக் கடைவது) கடைவோம். பருப்பு மத்துக்கு எங்கள் வீட்டில் பப்பு குத்தி என்றுதான் பெயர். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுத் தண்ணீரையோ பருப்பையோ நான் கண்ணால் பார்க்கவில்லை. அதனால் காரணம் இதுதான் என்று இங்கிருந்து அடித்துச் சொல்ல மாட்டேன். எது நிச்சயம், எது என் அனுபவம் மட்டும், எது சும்மா சொல்லி வருவது என்று பிரித்துச் சொல்கிறேன்.

விடுதியில் நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒரு கோடையில் பழைய கிணறு வற்றியதால் புதிதாக போர் போட்டார்கள். அந்தத் தண்ணீர் சமையலறைக் குழாயில் வந்த முதல் நாள் சாம்பாருக்கு 12 கிலோ பருப்பு ஏற்றினோம். வழக்கமான நேரம் முடிந்து மூடியைத் திறந்தால் பருப்பு முழுசு முழுசாக மிதக்கிறது. மறுபடி ஏற்றினோம், அப்போதும் அப்படியே. பழைய சரக்கு கட்டிவிட்டார்கள் என்று சமையல் மாஸ்டர் கடைக்காரரைத் திட்ட, அவர் பாவம் இரண்டு மூட்டையை மாற்றிக் கொடுத்தார். புது மூட்டையும் வேகவில்லை. நாலு நாள் பிள்ளைகள் பருப்பைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தார்கள். ஐந்தாம் நாள், பாத்திரம் கழுவ வரும் ஆயா ஊர்க் கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து, இதில் போட்டுப் பாருங்கம்மா, அது பருப்பு வேகாத தண்ணி என்றார். போட்டோம், கரைந்தது. மனையியல் படித்த எனக்கு முதல் நாளே அது தோன்றியிருக்க வேண்டும். புத்தகத்தில் படித்த கடின நீரையும் என் அண்டாவில் கொதித்த தண்ணீரையும் நான் அதுவரை சேர்த்துப் பார்க்கவில்லை.

தண்ணீர் ஏன் பருப்பைத் தடுக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. பருப்புக்குள் இருக்கும் நுண்ணிய அறைகளை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்ற பசை. ஜாம் இறுகுவதும் இதே பெக்டினால்தான். பருப்பு வேகிறது என்றால் அந்தப் பசை சூட்டில் இளகி, அறைகள் ஒன்றை ஒன்று விட்டு விலகுகின்றன என்று அர்த்தம். கடினத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் நிறைய இருக்கும். அவை பெக்டினோடு சேர்ந்து குறுக்குத் தையல் போட்ட மாதிரி பசையை இறுக்கிவிடும். ஆக்ரா பேட்டா செய்கிறவர்கள் வெண்பூசணித் துண்டுகளைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைப்பார்கள். அதன் பிறகு பாகில் எத்தனை நேரம் கொதித்தாலும் துண்டு உடையாமல் நிற்கும். சுண்ணாம்பின் கால்சியம் பூசணிக்குச் செய்வதை போர் தண்ணீரின் கால்சியம் உங்கள் பருப்புக்குச் செய்கிறது. அங்கே அது வேண்டும் என்று செய்வது, இங்கே வேண்டாத இடத்தில் நடக்கிறது.

உங்கள் தண்ணீர் கடினமா என்று தெரிந்துகொள்ள ஆய்வகத்துக்குப் போக வேண்டியதில்லை. துணிச் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் படிகிறதா, தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் உள்ளே வெள்ளையாக ஓடு கட்டுகிறதா, குழாய் முனையில் வெள்ளைப் பொருக்கு ஏறுகிறதா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் பெரும்பாலும் கடின நீர்தான். எண்ணிக்கையாகத் தெரிய வேண்டுமானால் பரிசோதனைக்குக் கொடுத்து மொத்தக் கடினத்தன்மை என்று போட்டிருக்கும் வரியைப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவுகோலில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதி. வீட்டில் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். அது தண்ணீரில் கரைந்த எல்லா உப்பையும் சேர்த்துத்தான் காட்டும், எது கால்சியம் எது சோடியம் என்று பிரித்துக் காட்டாது. இது முக்கியமான வித்தியாசம். சோடியம் கலந்த, காரத்தன்மையுள்ள (சோடா உப்பு கரைத்தது போன்ற) தண்ணீரில் பருப்பு சீக்கிரமே வெந்துவிடும். அதனால்தான் வாயில் உப்புக் கரிக்கிற ஒரு தண்ணீரில் பருப்பு கரைகிறது, ருசி ஒன்றும் தெரியாத இன்னொரு தண்ணீரில் வேக மறுக்கிறது. நாக்கு இந்த விஷயத்தில் சரியான சாட்சி இல்லை.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் சரியாகுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பாதி சரியாகும். தண்ணீரில் கால்சியம் பைகார்பனேட்டாக இருந்தால், பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவிட்டால் வெள்ளையாக அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்ததை இறுத்துப் பருப்புக்கு எடுக்கலாம். சல்பேட், குளோரைடாக இருந்தால் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. அப்படிப்பட்ட வீட்டுக்குக் கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோதான் வழி. மாடியில் பிடித்துச் சுத்தமாக வைத்த மழைத் தண்ணீர் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. எல்லாச் சமையலுக்கும் அதைச் செலவழிக்க வேண்டாம். பருப்பு ஊறவும் வேகவும் வேண்டிய நாலைந்து டம்ளர் போதும். கழுவுவதற்கு போர் தண்ணீரே இருக்கட்டும்.

அடுத்தது பருப்பின் வயது. பழைய பருப்பு வேக மறுக்கும் என்பது நிச்சயம். வெயிலும் புழுக்கமும் உள்ள கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்தால் பருப்பு உள்ளுக்குள் மாறிவிடுகிறது. ஏன் மாறுகிறது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. ஃபைட்டேட் என்ற பொருள் பருப்பில் இயல்பாகவே கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்து வைத்திருக்கிறது. நாள்படக் கிடக்கும்போது அது சிதைந்து, விடுபட்ட கால்சியம் பெக்டினைப் போய் இறுக்குகிறது என்பது ஒன்று. அறைச் சுவரே மரம்போல் கெட்டிப்படுகிறது என்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்து நடக்கலாம். எது பெரிய பங்கு என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் ஒரே முடிவு இல்லை. நமக்கு அது தேவையும் இல்லை. கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊரில் ஆறு மாதத்துப் பருப்பை மொத்தமாக வாங்கி அடுப்பு மேல் பரணில் வைக்கக் கூடாது என்று தெரிந்தால் போதும். மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, இறுக மூடி, இருக்கிறதிலேயே குளிர்ச்சியான மூலையில் வையுங்கள்.

பருப்பு உடைத்த விதத்துக்கும் இதில் பங்கு உண்டு. என் பாட்டி வீட்டில் துவரையை ஊறவைத்து, செம்மண் கட்டி, ஓர் இரவு குவித்து வைத்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிட்டுத் திருகையில் உடைப்பார்கள். மண் கட்டிய பருப்பின் வாசனையும் ருசியும் தனி, அதை நான் யாரிடமும் விட்டுக் கொடுக்க மாட்டேன். ஆனால் அது வேக நேரம் பிடிக்கும். ஆலையில் எண்ணெய் தடவிக் காயவைத்து உடைக்கும் பருப்பு அதைவிடச் சீக்கிரம் வெந்துவிடும். இப்போது கடைப் பருப்பு நம் நாட்டிலிருந்தும் வருகிறது, பர்மா, மொசாம்பிக், தான்சானியாவிலிருந்தும் இறக்குமதியாகிறது. ஒரே பாக்கெட்டில் இரண்டு மூன்று வகை கலந்து வர இடம் உண்டு. திருத்தணியில் இருக்கும் சொந்தக்காரர்கள் ரேஷனில் வாங்கிய கனடா மஞ்சள் பருப்பைக் கொடுத்திருந்தால் அதைத் துவரையோடு சேர்த்துப் போடாதீர்கள். அது துவரை இல்லை, வெகு சீக்கிரம் வெந்துவிடும். அது கூழாகிக் கிடக்கும்போது துவரை அப்போதுதான் இளக ஆரம்பித்திருக்கும்.

என் அனுபவத்தில் கண்ட ஓர் அடையாளம் சொல்கிறேன், இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாதி கரைந்து பாதி பருக்கையாக நின்றால் பழசும் புதுசும் கலந்த பருப்பாக இருக்கும். எல்லாமே ஒரே மாதிரி முழுசாக நின்றால் தண்ணீரையோ புளிப்பையோ சந்தேகப்படுவேன்.

இப்போது அந்தச் சோதனை. ஒரே அளவுள்ள நாலு எவர்சில்வர் டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றில் உங்களிடம் இருக்கும் பருப்பை இரண்டிரண்டு ஸ்பூன் போடுங்கள். நாலாவதில் வேறு கடையில் புதிதாக வாங்கிய பருப்பு இரண்டு ஸ்பூன். முதல் டம்ளருக்கு போர் தண்ணீர், இரண்டாவதற்குக் கேன் தண்ணீர், மூன்றாவதற்குக் கேன் தண்ணீரோடு நாலைந்து கோங்குரா இலை, நாலாவதற்குப் புதுப் பருப்போடு போர் தண்ணீர். எல்லாவற்றுக்கும் தண்ணீர் ஒரே அளவு, டம்ளரில் முக்காலுக்கு மேல் வேண்டாம். உப்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் சேர்க்காதீர்கள். அரை மணி நேரம் ஊறியதும் அப்படியே குக்கருக்குள் இறக்கி, அடியில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் விட்டு, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துப் பதினைந்து நிமிடம் வைத்து, ஆவி தானாக அடங்கிய பிறகு திறங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் பத்துப் பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். முதல் டம்ளர் நின்று இரண்டாவது கரைந்தால் தண்ணீர்தான் காரணம். முதலாவது நின்று நாலாவது கரைந்தால் உங்கள் பருப்பு பழசு. மூன்றாவது மட்டும் நின்றால் புளிப்பு. முதலாவது நின்று, இரண்டாவது, நாலாவது இரண்டும் கொஞ்சம் பரவாயில்லை என்கிற அளவில் இருந்தால் தண்ணீரும் பருப்பும் சேர்ந்தே படுத்துகின்றன. எங்கள் பக்கத்தில் இதுதான் அதிகம். நாலுமே நின்றால் குக்கரின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள், ஓரத்தில் ஆவி கசிந்துகொண்டிருக்கும்.

கோங்குரா பப்புக்கு வருகிறேன். நீங்கள் தடுக்கி விழுந்த இடம் இதுதான் என்று நினைக்கிறேன். கும்பகோணத்துச் சாம்பாரில் பருப்பு தனியாக வேகும். காய் புளித் தண்ணீரில் தனியாகக் கொதிக்கும். இரண்டும் கடைசியில்தான் சந்திக்கும். ரசத்திலும் அப்படியே. அதனால் புளிப்புக்கும் பருப்புக்கும் ஆகாது என்பது தஞ்சாவூர்ப் பக்கத்துச் சமையலறையில் யாருக்கும் தெரிய வேண்டிய அவசியமே வரவில்லை. சமைக்கும் முறையே அதைப் பார்த்துக்கொண்டது. ஆந்திரப் பப்பு அப்படி இல்லை. கோங்குரா, மாங்காய், தக்காளி, சுக்கக் கூரை என்கிற சுக்கான் கீரை, பங்குனி சித்திரையில் புளியங்கொழுந்து, எதுவானாலும் பருப்போடு ஒரே பாத்திரத்தில் போகும். புளிப்பான தண்ணீரில் பெக்டின் இளகாது என்பதும் நிச்சயமான விஷயம். கடினத் தண்ணீர் ஒரு பூட்டு என்றால் கோங்குரா இன்னொரு பூட்டு. இரண்டையும் போட்டுவிட்டு விசிலால் திறக்கப் பார்த்திருக்கிறீர்கள்.

அப்படியானால் இங்கே இருக்கிற பெரியவர்கள் எப்படி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கடைந்தார்கள்? என் பாட்டி ஏரித் தண்ணீரும் ஊர்க் கிணற்றுத் தண்ணீரும் எடுத்தார், பருப்பு அந்த வருடத்து அறுவடை. அதுவும் கவனித்துப் பார்த்தால் அவர் ஒன்றாகப் போடவில்லை. மண்சட்டியில் பருப்பு முதலில் ஏறும். அது மலர்ந்து நசுங்கும் பதம் வந்த பிறகுதான் கீரையை அள்ளிப் போடுவார். குக்கர் வந்ததும் நாம்தான் மூடியைத் திறக்கச் சோம்பல்பட்டு எல்லாவற்றையும் முதலிலேயே போட ஆரம்பித்தோம்.

நீங்கள் செய்ய வேண்டியதும் அதுதான். பருப்பை மட்டும் தனியாக வேகவைத்து, சூடாக இருக்கும்போதே கடைந்துவிடுங்கள். கோங்குராவைக் காம்பு நீக்கி அலசி, வாணலியில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, பச்சை மிளகாய் ஐந்தாறு கீறிப் போட்டு, நறுக்கிய வெங்காயத்தோடு வதக்குங்கள். கீரை இரண்டு நிமிடத்தில் சுருண்டு பழுப்புப் பச்சையாகிவிடும், அதுதான் பதம். அதைக் கடைந்த பருப்பில் கொட்டி உப்புப் போட்டு ஐந்து நிமிடம் ஒன்றாகக் கொதிக்கவிட்டு மறுபடி ஒரு கடை. தாளிப்புக்குக் கடுகு, சீரகம், காய்ந்த மிளகாய், தட்டிய பூண்டு நிறையவே, கறிவேப்பிலை. சிவப்புத் தண்டுக் கோங்குரா வெள்ளைத் தண்டை விட அதிகம் புளிக்கும். ஒரு டம்ளர் பருப்புக்குச் சிவப்பு என்றால் இரண்டு கைப்பிடி, வெள்ளை என்றால் மூன்று கைப்பிடி. அலுமினியப் பாத்திரம் மட்டும் இதற்கு வேண்டாம். புளிப்பு அதை அரிக்கும், பாத்திரமும் கறுக்கும். எவர்சில்வரோ மண்சட்டியோ நல்லது. ராகி சங்கட்டி என்கிற கேழ்வரகுக் களிக்கு நடுவில் குழி பண்ணி இந்தப் பப்பை ஊற்றி ஒரு கரண்டி நெய் விட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள், இந்த ஊர் உங்களுக்குப் பிடித்துப் போகும். வீட்டில் யாருக்காவது சிறுநீரகக் கல் இருந்தால் கோங்குராவின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அதில் ஆக்சலிக் அமிலம் அதிகம்.

விசிலைப் பற்றி. விசில் என்பது நேரக் கணக்கு இல்லை, உள்ளே அதிகமான ஆவி வெளியேறும் சத்தம். அழுத்தம் முழுதாக ஏறிய குக்கருக்குள் தண்ணீர் ஏறக்குறைய 120 டிகிரியில் இருக்கும். ஏழாவது விசிலில் அது 140 ஆகப் போவதில்லை. தீயைப் பெரிதாக வைத்தால் விசில் அடுத்தடுத்து வரும், எரிவாயுவும் தண்ணீரும் வீணாகும், பருப்புக்குக் கிடைத்த நேரமோ குறைவு. உங்கள் அம்மா வீட்டு நாலு விசில் இருபது நிமிடமாக இருந்திருக்கலாம், இங்கே பெரிய பர்னரில் ஏழு விசில் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கலாம். அதனால் விசிலை எண்ணாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். முதல் விசில் வரும்வரை பெரிய தீ, பிறகு சிறு தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். குக்கருக்குள் தனிப் பாத்திரம் வைத்தால் பதினைந்திலிருந்து இருபது. பருப்பும் தண்ணீரும் சேர்ந்து குக்கரில் பாதியைத் தாண்டக் கூடாது. நுரை மேலே ஏறி ஆவித் துளையை அடைத்தால் ஆபத்து.

சோடா உப்பு வேலை செய்யும், அதில் சந்தேகமில்லை. அது தண்ணீரைக் காரமாக்குகிறது, அதன் சோடியம் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துப் பசையை இளக்குகிறது. ஆனால் பருப்பில் இருக்கும் பி1 உயிர்ச்சத்தை அது அழிக்கும், கொஞ்சம் கூடினாலும் சோப்பு வாடை வரும், இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அந்தச் சோடியமும் ஒரு கணக்கு. விடுதியில் போர் தண்ணீர் வந்த அந்த நாட்களில் மாஸ்டர் எனக்குத் தெரியாமல் கைநிறையப் போட்டிருக்கிறார். பருப்பு குழைந்தது, பிள்ளைகள் வாயில் வைக்கவில்லை. விருந்தாளி வாசலில் நிற்கிறார், பருப்பு வேகவில்லை என்கிற ஒரு நாளுக்கு, ஒரு டம்ளர் பருப்புக்கு அரைச் சிட்டிகை போடுங்கள். தினமும் வேண்டாம். சமையல் உப்பை முதலிலேயே போட்டால் பருப்பு வேகாது என்று நம் பக்கத்தில் உறுதியாகச் சொல்வார்கள். பயறு வகைகளை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் உண்மையில் சீக்கிரம்தான் வேகும், இது பரிசோதித்து அறிந்த விஷயம். உடைத்த துவரம் பருப்பில், நான் பார்த்தவரை, உப்பை முன்னால் போட்டாலும் பின்னால் போட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விட்டால் நுரை அடங்கும், அது நிச்சயம். பருப்பை அது வேகமாக வேகவைக்கிறது என்பதற்கு எனக்கு அத்தாட்சி கிடைத்ததில்லை. இருந்தாலும் நான் விடுவேன், நுரை அடங்கினால் குக்கர் மூடி அசிங்கமாகாது.

நுரையில் யூரிக் அமிலம் இருக்கிறது, வடித்துக் கொட்டுங்கள் என்று உங்களுக்கு வந்த செய்தி தவறு. நுரைக்குக் காரணம் பருப்பின் புரதமும் சபோனின் என்ற பொருளும். யூரிக் அமிலம் நம் உடம்பில் உண்டாவது, பருப்பின் நுரையில் மிதப்பது இல்லை. மேலே பொங்கினால் எடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். கவுட் (யூரிக் அமிலம் கூடி வரும் மூட்டு வீக்கம்) உள்ளவர்கள் எவ்வளவு பருப்பு சாப்பிடலாம் என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது. கலப்படத்தைப் பற்றியும் பயந்திருக்கிறீர்கள். துவரம் பருப்பில் கேசரிப் பருப்பு கலப்பது பழைய மோசடி. கால்களை முடக்கும் நச்சு அதில் இருப்பதால் 1961இல் அதன் விற்பனைக்குத் தடை வந்தது. துவரை வட்டமாக, நடுவில் லேசாகக் குவிந்திருக்கும். கேசரி ஒரு பக்கம் சரிந்து ஆப்பு வடிவத்தில் இருக்கும். தட்டில் பரப்பிப் பாருங்கள், சந்தேகமானவை நிறைய இருந்தால் சமைக்காமல் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கொடுங்கள். ஆனால் பருப்பு வேகவில்லை என்பது மட்டுமே கலப்படத்துக்கு அடையாளம் ஆகாது.

தினசரிச் சமையலுக்கு நான் கடைப்பிடிப்பது இது. ஒரு டம்ளர் துவரம் பருப்பை மூன்று முறை கழுவி, நல்ல தண்ணீரில் அரை மணியிலிருந்து முக்கால் மணி ஊறவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுப் புதிதாக நல்ல தண்ணீர் இரண்டரை டம்ளர், கால் ஸ்பூன் மஞ்சள், ஒரு சொட்டு எண்ணெய். முத்த பப்பு என்றால் இரண்டு டம்ளர் தண்ணீர் போதும். ஆவி தானாக அடங்க வேண்டும், குழாயடியில் காட்டி அவசரமாகத் திறந்தால் அந்தக் கடைசிச் சில நிமிட வேக்காடு போய்விடும். திறந்ததும் கடையுங்கள், ஆறிய பருப்பு மத்துக்கு மசியாது. பருக்கை நின்றால் கொதிக்கிற தண்ணீர் அரை டம்ளர் விட்டு இன்னும் ஐந்து நிமிடம். அவசர நாளில் பாசிப் பருப்பையோ மைசூர்ப் பருப்பையோ எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஊறாமலே சீக்கிரம் வெந்துவிடும். கடினத் தண்ணீரில் அவையும் தாமதிக்கும், ஆனாலும் துவரை அளவுக்குப் படுத்தாது.

நாலு டம்ளரையும் வைத்துப் பார்த்துவிட்டு எது கரைந்தது, எது நின்றது என்று எழுதுங்கள். முதலாவதும் மூன்றாவதும் நின்று இரண்டாவது கரைந்திருக்கும் என்பது என் ஊகம். அப்படி இருந்தால் நாளைக்கே கேன் தண்ணீரில் பருப்பைத் தனியாக ஏற்றி, கோங்குராவைப் பிறகு சேருங்கள். வேறு மாதிரி வந்தால் பருப்பு வாங்கிய கடையையும் தண்ணீர் வரும் போரின் ஆழத்தையும் சேர்த்து எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.